எல்லாரும் பச்சை, மாணிக்கம் அண்ணன் மட்டும் மஞ்சள்

ரவின் பேனா மூடியைக் கழட்டி, பேனாவை என் பக்கமாத் திருப்பி வச்சான்.

"சைன் பண்ணிடுங்கக்கா. சும்மா சாட்சிக்குத்தான்."

கண்ணாடி ரூம். ஏர்கோன் குளிர்ல விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. அவன் கடையிலேருந்து தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வந்த கோப்பி ஓ, பால் ஊத்தாத ஐஸ் காப்பி, பிளாஸ்டிக் பையில ஸ்ட்ரா குத்தி, நாற்காலிக் கைப்பிடியில தொங்கிட்டு இருந்துச்சு. பையிலேருந்து தண்ணி சொட்டி தரை விரிப்புல வட்டமா ஈரம். எனக்கு அந்த ஈரத்தைப் பாக்கறது, மேசை மேல இருந்த கடுதாசியைப் பாக்கறதை விட சுலபமா இருந்துச்சு.

கடுதாசி ரெண்டு பக்கம். மொதப் பக்கத்துல மாணிக்கம் அண்ணனோட முழுப் பேரு. 'வேலையில் ஈடுபாடு இல்லை, மேசையில் இருப்பதில்லை, பல முறை எச்சரித்தும் மாற்றம் இல்லை' இப்படி இங்கிலீஷ்ல வரிசையா. எச்சரிச்சது யாரு? எப்போ? எனக்குத் தெரிஞ்சு யாரும் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.

ரெண்டாம் பக்கத்துல ஒரு கலர் படம். ஒரு மாசக் கணக்கு. எங்க டீம்ல எட்டு பேர், எட்டு வரிசை. ஏழு வரிசை தினமும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பச்சைப் பசேல்னு இருக்கு. ஒரே ஒரு வரிசை மட்டும் முழுக்க மஞ்சள், நடுவுல கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மாதிரி கொஞ்சம் பச்சை. அது மாணிக்கம் அண்ணன் வரிசை.

"வேலையே செய்யாத ஆளு அக்கா. பாருங்க, கலரே சொல்லுது."

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. கோபம் அவன் மேல மட்டும் இல்ல. அந்த ஏழு வரிசைப் பச்சையை உண்டாக்குனதே நான்தான்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். ரவின் என் மேனேஜர். கோலாலம்பூர்லேருந்து வந்தவன், என்னை விட பத்துப் பன்னெண்டு வயசு சின்னவன். நேர்ல அவனை நீங்க, வாங்கன்னுதான் பேசுவேன். காரியம் ஆகணும்னா அவனும் 'அக்கா'ம்பான், சிங்கப்பூர்ல இருக்கற தலைமை ஆபீஸ்காரங்க முன்னாடி 'தனா'ம்பான். இந்தத் தொடர்ல எல்லாரையும் மரியாதையா எழுதணும்னு எடிட்டர் சொல்லியிருக்காரு. எழுதிப் பாத்தேன். 'ரவின் சொன்னார்'னு கை வர மாட்டேங்குது. எடிட்டரே மாத்தறதா இருந்தா மாத்திக்கட்டும். அந்த ஆபீஸ்ல நான் இப்ப இல்ல, எனக்கென்ன பயம்?

ரம்புத்தான் மரத்தைச் சுத்தி

போன வாரம் குளுவாங்ல நான் கம்ப்யூட்டர் படிச்ச கதையை எழுதினதும், 'அதெல்லாம் சரி, ப்ரோகிராமருங்க நாள் பூரா உக்காந்து என்னதான் செய்றீங்க?'ன்னு ஒரு அம்மா போன்ல கேட்டாங்க. நல்ல கேள்விங்கம்மா. எங்க மேனேஜருக்கே தெரியாத விஷயம் அது.

எங்க ஆபீஸ் ஜொகூர் பாருல. தொழிற்சாலை பஸ் பாத்திருப்பீங்க. பாசிர் கூடாங், செனாய் பக்கமெல்லாம் விடியக்காலையில தாமான் தாமானா, ஒவ்வொரு குடியிருப்பா வந்து ஆளுங்களை ஏத்திட்டுப் போகும். எந்த பஸ் எந்த முச்சந்தியில எத்தனை மணிக்கு நிக்கணும், எந்த ஷிப்டுக்கு யாரு ஏறணும்னு சொல்றது எங்க சாப்ட்வேர். நான் டீம் லீட். மாணிக்கம் அண்ணன் டீம்லயே மூத்தவரு, அம்பத்தஞ்சை நெருங்கிட்டாரு.

அவரு வீடு லாபிஸ்ல. தொத்துநோய்க் காலத்துக்கு அப்புறம் எங்களுக்கு வாரத்துல மூணு நாள் வீட்லேருந்து வேலை, ரெண்டு நாள் ஆபீஸ். அந்த ரெண்டு நாளும் விடியறதுக்குள்ள காரை எடுத்துட்டு வந்துடுவாரு, எட்டரைக்கு ஒரு நிமிஷம் பிந்தி நான் பாத்ததில்ல.

அவரு வேலை செய்ற விதம் வேற. ஸ்கூல் பிள்ளைங்க கணக்குப் போடற கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்னு, டூ-பி பென்சில் ஒன்னு. ஒரு சிக்கல் வந்துட்டா கம்ப்யூட்டரை அப்படியே விட்டுட்டு எழுந்திருச்சிடுவாரு. வீட்டுக்குப் பின்னால ரம்புத்தான் மரம் இருக்கு. அதைச் சுத்திச் சுத்தி நடப்பாரு. நின்னு நோட்டுல எழுதுவாரு. மறுபடி நடப்பாரு. பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக், 'அவருக்கு ஒடம்பு சரியில்லையா, டாக்டர் நடக்கச் சொன்னாரா'ன்னு அண்ணிகிட்ட விசாரிச்சிருக்காங்க.

மூணு நாள் நடப்பாரு, எழுதுவாரு. அப்புறம் உக்காந்து ஒரு மணி நேரம் டைப் பண்ணுவாரு. அந்த ஒரு மணி நேரத்துல அடிச்சது ஒடையவே ஒடையாது. நாங்க எல்லாம் நாள் பூரா டொக்கு டொக்குன்னு தட்டிட்டு, அதுக்கப்புறம் ஒரு வாரம் அதுல இருக்கற தப்பைத் தேடிட்டு இருப்போம்.

சனிக்கிழமை காலையில பஸ் இல்ல

ஜொகூர்ல வார விடுமுறை வெள்ளி-சனியிலேருந்து சனி-ஞாயிறுக்கு மாறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உங்களுக்கு அது காலண்டரை மாத்தற விஷயம். எங்களுக்குத் தலைவேதனை. எங்க தொழிற்சாலைங்க சிலது மாறுச்சு, சிலது மாறல. வேலையை விட்டுப் போன யாரோ ஒரு புண்ணியவான் எங்க சாப்ட்வேருக்குள்ள எங்கெங்கயோ 'வெள்ளிக்கிழமை'ன்னு நேரடியா எழுதி வச்சிருந்தாரு.

நாங்க தேடித் தேடி மாத்தினோம். சோதிச்சுப் பாத்தோம். எல்லாம் சரியா ஓடுச்சு. ரவின் சிங்கப்பூருக்கு 'முடிஞ்சது'ன்னு மெயில் போடப் போறான், அப்ப மாணிக்கம் அண்ணன் போன் பண்ணாரு.

"தனா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்டுக்கு உள்ள போறவங்க எப்ப வெளிய வருவாங்க?"

"சனிக்கிழமை காலையில, அண்ணே."

"வெள்ளிக்கிழமை இப்ப வேலை நாள், சனிக்கிழமை லீவு நாள். லீவு நாளுக்கு நம்ம சிஸ்டம் பஸ் அனுப்பாது. போறதுக்கு பஸ் இருக்கு, திரும்பி வர பஸ் இல்லம்மா."

உண்மைதான். ராத்திரி முழுக்க நின்னு வேலை பாத்துட்டு நூத்துக்கணக்கான பொம்பளைங்க தொழிற்சாலை கேட்ல நிக்கப் போறாங்க, ஒரு பஸ்ஸும் வராது. நாங்க ஏழு பேரும் அதைப் பாக்கல. பகல்ல வேலை செய்ற ஆளுங்க நாங்க, எங்க மண்டைக்குள்ள ஒரு நாள்னா அன்னைக்கே ஆரம்பிச்சு அன்னைக்கே முடியறதுதான். சோதிக்கறதுக்கு நாங்க போட்ட ஆளுங்களும் பகல் ஷிப்டுதான்.

அந்தப் பழைய புண்ணியவான், வியாழக்கிழமை ராத்திரி ஆளுங்களுக்காக வெள்ளிக்கிழமை காலையில மட்டும் பஸ் வர்ற மாதிரி ஒரு ஒட்டுப் போட்டு வச்சிருந்தாரு. நாங்க லீவு நாளை மாத்தினோம், ஒட்டை மாத்தல. இதை மாணிக்கம் அண்ணன் மூணு நாள் நடந்து, நோட்டுல ஒவ்வொரு ஷிப்டையும் கோடு போட்டு வரைஞ்சு கண்டுபிடிச்சாரு. அப்புறம் ஒரு மணி நேரத்துல சரி பண்ணிட்டாரு.

ரவின் நீட்டின அந்தக் கலர் படத்துல அந்த மூணு நாளும் இருந்துச்சு. நான் தேதியைப் பாத்தேன். மாசத்துலயே அதிகமா மஞ்சளா இருந்த மூணு நாள் அதுதான்.

பெரட்டு

இந்தப் பச்சை, மஞ்சள் எல்லாம் எப்படி வந்துச்சுன்னு சொல்லணுமே.

ஒரு நாள் எல்லார் கம்ப்யூட்டர்லயும் ஒரு புது சாமான் ஏறிடுச்சு. யாரும் கேக்கல, தானா ஏறுச்சு. மவுஸ் அசைஞ்சா, கீபோர்டு தட்டினா, உங்க பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி. அஞ்சு நிமிஷம் அசையலன்னா மஞ்சள். அவ்வளவுதான். மண்டை வேலை செய்யுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. கை அசையுதான்னு மட்டும் பாக்கும்.

"இது கண்காணிப்பு இல்ல, உங்க நலனுக்குத்தான்"னு ரவின் மீட்டிங்ல சொன்னான். என் நலன் என் மவுஸ்ல இருக்கிறது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

நான் பொறந்தது காஹாங் பக்கத்துல ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டத்துல. காலையில அஞ்சரைக்குப் பெரட்டுக்குப் போகணும். பெரட்டுன்னா தெரியாதவங்களுக்கு: ஆளுங்க வரிசையா நிப்பாங்க, தோட்டத்துக் கணக்கரு, கிராணிம்போம், பேரு கூப்பிட்டு அடையாளம் போடுவாரு. பேரு கூப்பிடறப்ப நிக்கலன்னா அன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ. எங்க அம்மா காய்ச்சலோட போய் நின்னதை நான் பாத்திருக்கேன். தோட்டத்தைப் பத்தி ஏங்கி எழுதறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். என்ன இருந்துச்சு அங்க ஏங்கறதுக்கு?

ஆனா ஒன்னு சொல்லணும். பெரட்டுல பேரு போட்டதோட சரி. அதுக்கப்புறம் மேற்பார்வை பாக்கற தண்டல் செம்பனை மரத்தடிக்கு வந்து குலையை எண்ணுவாரு. வெட்டின குலை பழுத்ததா, காயான்னு திருப்பிப் பாப்பாரு. திட்டுவாரு, அசிங்கமா திட்டுவாரு, ஆனா குலையைப் பாத்துத் திட்டுவாரு. ரவின் ஒரு நாள் கூட நாங்க எழுதினதைத் திறந்து பாத்ததில்ல. அவன் நாள் பூரா பெரட்டு மட்டும் எடுத்தான்.

பாத்ரூம் போய்ட்டு வந்தா, 'அக்கா, பதினோரு நிமிஷம் மஞ்சளா இருந்தீங்க, எல்லாம் ஓகேவா?'ன்னு மெசேஜ் வரும். எனக்கு வயசு நாப்பத்தெட்டு. இதுக்கு நான் என்ன பதில் எழுதறது?

ஃபரீதா வீட்டுக் காத்தாடி

மொத ஆளா ஃபரீதாதான் வழி கண்டுபிடிச்சா. ஃபரீதா எங்க டீம்ல சூட்டிகையான பொண்ணு. அவங்க அத்தா டவுன்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு. மத்தியானம் கூட்டம் அதிகமானா அரை மணி நேரம் கல்லாவுல உக்காரணும், அது அவ சாப்பாட்டு நேரந்தான், யாரையும் ஏமாத்தல. ஆனா புள்ளிக்கு அதெல்லாம் தெரியுமா?

மேசைக் காத்தாடியில கயிறு கட்டி, கயித்துல மவுஸைக் கட்டிட்டா. காத்தாடி இடமும் வலமும் தலையைத் திருப்பத் திருப்ப, மவுஸும் பழைய பேப்பர் மேல இழுபட்டுப் போய்ட்டு வரும். எங்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பினா. வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

"அலமாக், கரண்டு போச்சுன்னா மாட்டிக்குவேன், தனாக்கா"ன்னா.

அங்கதான் எனக்குக் கை அரிச்சுது. ப்ரோகிராமர் புத்தி. ஒருத்தி கயிறு கட்டி இழுக்கறதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா? பத்து வரியில ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கம்ப்யூட்டர் தானே மவுஸை நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் நகத்திக்கும். காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு மணிக்கு நின்னுடும். டீமோட பொது ஃபோல்டர்ல போட்டு, 'வேணுங்கறவங்க எடுத்துக்குங்க'ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு எனக்கு என்னமோ பெரிய சாதனை பண்ணிட்ட மாதிரி ஒரு திமிரு.

மாணிக்கம் அண்ணன் மட்டும் எடுக்கல.

"எனக்கு எதுக்கும்மா? நான்தான் வேலை செஞ்சிட்டு இருக்கேனே"ன்னாரு.

நானும் விட்டுட்டேன். எல்லாரும் கொஞ்சம் மஞ்சளா இருந்தப்ப, அவரு கொஞ்சம் கூடுதல் மஞ்சள், அவ்வளவுதான். நாங்க ஏழு பேரும் பச்சையா மாறின அன்னைக்கு, அவரு மட்டும் தனியா நிப்பாருன்னு எனக்குத் தோணவே இல்ல. வாழ்க்கை பூரா இது நடந்தா அது என்ன ஆகும், அது நடந்தா எது ஒடையும்னு யோசிக்கறதுதான் என் தொழில். இதை மட்டும் யோசிக்கல.

"தெரியும்கா"

அதனாலதான் கண்ணாடி ரூம்ல பேனாவைத் தொடல.

"ரவின், இந்தப் பச்சை எல்லாம் பொய். நான்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் குடுத்தேன். ஏழு பேர் மெஷின்லயும் அதுதான் ஓடுது. லெட்டர் குடுக்கணும்னா எனக்குக் குடுங்க."

சொல்லிட்டு, பூகம்பம் வரும்னு காத்திருந்தேன். அவன் கோப்பி ஓ பையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

"தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"ஸ்கிரிப்ட். உங்க ஃபோல்டர்ல இருந்துச்சே. என் மெஷின்லயும் அதான் ஓடுது. சிங்கப்பூர்ல என்னையும் பாக்கறாங்க இல்ல?"

நான் கடுதாசியை அவன் பக்கமாத் தள்ளினேன்.

"அப்ப மாணிக்கம் அண்ணன் வேலை செய்றாருன்னு உங்களுக்குத் தெரியும்?"

"ஐயோ, என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? அவருதான் இங்க பெஸ்ட். அந்த சனிக்கிழமை பஸ் மேட்டர் அவர் பாக்கலன்னா நம்ம எல்லாரும் காலி. ஆனா சார்ட்டுல அது வரல இல்ல? மேல இருக்கறவங்க சார்ட்டைத்தான் பாப்பாங்க. கீழ இருக்கற ஒருத்தரை என்ன பண்ணீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, எனக்கு உதவி செய்ற மாதிரி சொன்னான். "ஒன்னு செய்ங்கக்கா. அவர் மெஷின்லயும் அதைப் போட்டு விட்டுடுங்க. ஒரு மாசம் பச்சையா இருக்கட்டும். இந்த லெட்டரை நானே கிழிச்சுப் போட்டுடறேன். திங்கக்கிழமை வரைக்கும் டைம், ஓகே லா?"

நான் எத்தனையோ மேனேஜருங்களைப் பாத்துட்டேன். வேலை தெரியாதவன், கத்தறவன், என் வேலையைத் தன் வேலைன்னு சொல்லிக்கறவன், எல்லாம் பாத்தாச்சு. வேலை செய்றவரு யாருன்னு நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தும், அவரு பொய் சொன்னாத்தான் வேலையில வச்சிக்குவேன்னு சொன்ன ஆளை அன்னைக்குத்தான் பாத்தேன். அந்தக் கோப்பி ஓ பையைப் பிடுங்கி அவன் சட்டையில ஊத்தலாம்னு வந்துச்சு. ஊத்தல. 'சரி'ன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

லாபிஸ்

சனிக்கிழமை கார்ல கிளம்பி, ஹைவேயிலேருந்து யோங் பெங்ல இறங்கி, பீசாங் கோரேங், நம்ம வாழைப்பழ பஜ்ஜிதான், ஒரு பை வாங்கிட்டு லாபிஸுக்குப் போனேன். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெரு. அண்ணி தேத்தண்ணி வச்சாங்க, பீசாங் கோரேங்கைத் தட்டுல கொட்டிட்டு உள்ள போய்ட்டாங்க.

நான் எல்லாத்தையும் சொன்னேன். லெட்டரு, கலர் படம், ரவினோட பேரம், எல்லாம். பையில ஸ்கிரிப்ட் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலைன்னும் சொன்னேன்.

அவரு முகம் சிவந்து போச்சு. மாணிக்கம் அண்ணனுக்குக் கோபம் வந்து நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல.

"என்னைப் பொய் சொல்லச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்தே?"

"அண்ணே, ஒரு மாசந்தான்..."

"நான் வேலை செய்றேன் தனா. அதுக்கு மேல, வேலை செய்ற மாதிரி வேற நடிக்கணுமா?"

"என் தப்புதாண்ணே. நான் இதை எழுதாம இருந்திருந்தா நீங்க தனியாத் தெரிஞ்சிருக்க மாட்டீங்க."

"ஆமா. உன் தப்புதான்."

பரவால்லம்மான்னு சொல்வாருன்னு எதிர்பாத்திருந்தேன் போலிருக்கு. சொல்லல. தேத்தண்ணி ஆறிப் போச்சு.

"இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்னு எனக்கும் தெரியும்"னாரு. "அதுக்காக எல்லாம் இது முடியாது. அந்தப் பையன்கிட்ட சொல்லிடு."

நான் எழுந்திரிக்கப் போனேன். அப்ப கையை நீட்டினாரு.

"எங்க, அந்த ஸ்கிரிப்டைக் காட்டு."

லாப்டாப்பைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு படிச்சாரு. பத்தே வரி. படிச்சிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துட்டு வெளிய போய்ட்டாரு. ஜன்னல் வழியா பாக்கறேன், மரத்தைச் சுத்தி நடக்கறாரு. அரை மணி நேரம். ஒரு கூட்ஸ் ரயில் வீடே அதிர்ற மாதிரி போச்சு, அதைக் கூட நிமிந்து பாக்கல.

உள்ள வந்து கேட்டாரு. "லீவு நாளை இது எங்க பாக்குது?"

"பாக்கலண்ணே."

"தைப்பூசம் வருது. நீ பால்குடம் எடுக்கறே இல்ல?"

"ஆமா."

"நீ பால்குடம் தூக்கிட்டு நடக்கறப்ப இங்க உன் புள்ளி பச்சையா எரிஞ்சிட்டு இருக்கும். சரி, அது ஒன்னு. காலையில ஏழு பேரும் எட்டரை மணி அடிச்சதும் ஒரே நொடியில பச்சை ஆகறீங்க. எந்த ஊர்லம்மா ஏழு பேர் ஒரே நொடியில நாற்காலியில உக்காருவாங்க? எவனாவது ஒரு நாள் உன்னிப்பாப் பாத்தான்னா ஏழு பேருக்கும் வேலை போய்டும்."

உக்காந்து டைப் பண்ணாரு. ஒரு மணி நேரம் கூட ஆகல. பொது விடுமுறை எல்லாம் போட்டாரு, ஜொகூருக்கு மட்டும் உள்ளதையும் சேத்து. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரத்துல ஆரம்பிக்கற மாதிரி பண்ணாரு. சாப்பாட்டு நேரத்துல மஞ்சளாக வச்சாரு, அதுவும் ஒரு நாள் முன்ன, ஒரு நாள் பின்ன. நான் எழுதினது விளையாட்டுச் சாமான். அவரு எழுதினதுல ஒரு ஓட்டை கிடையாது.

லாப்டாப்பை மூடி என் கையில குடுத்தாரு.

"உங்க ஏழு பேருக்கும் வச்சிக்குங்க. எனக்கு வேணாம்."

யோங் பெங் வர்ற வரைக்கும் அழுதுட்டே ஓட்டினேன்.

அடுத்த ஸ்லைடு

நான் சைன் பண்ணல. அதுல பெருமைப்பட ஒன்னும் இல்ல. மனிதவளப் பிரிவுப் பொண்ணு ஒன்னு வந்து, நின்னுக்கிட்டே சாட்சிக் கையெழுத்தைப் போட்டுட்டுப் போய்டுச்சு. இருபத்தாறு வருசமா இந்தத் தொழில்ல இருந்த மனுசனை 'ஈடுபாடு இல்லை'ன்னு எழுதி அனுப்பறதுக்கு அவ்வளவு நேரந்தான் ஆச்சு. கடைசி நாள் லாப்டாப்பைத் திருப்பிக் குடுக்க வந்தாரு, எல்லார்கிட்டயும் கை குடுத்தாரு. என்கிட்டயும் குடுத்தாரு, ஆனா கண்ணைப் பாக்கல.

அதுக்கு அடுத்த மாசம் சிங்கப்பூரோட வழக்கமான கூட்டம். வீடியோவுலதான். நாங்க அவங்கவங்க வீட்லேருந்து சேந்தோம். கூட்டம் இங்கிலீஷ்ல நடக்கும், நான் தமிழ்லயே எழுதறேன்.

ரவின் கலர் படத்தைப் போட்டான். இப்ப ஏழு வரிசை. மாணிக்கம் அண்ணன் வரிசை இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் பச்சை. மத்தியானத்துல மட்டும் இங்கொன்னு அங்கொன்னா மஞ்சள், அவ்வளவு இயற்கையா.

அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் அசந்துட்டாரு. "அருமை. மத்த டீம்கள்ல இப்படி இல்ல. என்ன செஞ்சீங்க? இது யாரோட வேலை?"

ரவின் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். "தனாதான் லீட். தனா, சொல்லுங்க."

மைக்கைத் திறந்தேன்.

"இது மாணிக்கம் வேலை, சார்."

"எந்த மாணிக்கம்?"

"போன மாசம் வேலை செய்யலன்னு நீங்க அனுப்பினீங்களே, அவரு. இந்தப் பச்சை ஆளுங்க வேலை செய்றது இல்ல. ஒரு ஸ்கிரிப்ட் ஓடுது. நான் எழுதினேன், தப்பா எழுதினேன், அவரு திருத்திக் குடுத்தாரு. எங்க ஏழு பேர் மெஷின்லயும் ஓடுது. ரவின் மெஷின்லயும் ஓடுது. அவரு ஒருத்தர்தான் அதைப் போட மாட்டேன்னாரு."

ரவினோட படம் அப்படியே உறைஞ்சு போன மாதிரி நின்னுச்சு. டைரக்டர் தொண்டையைக் கனைச்சிக்கிட்டாரு.

"நன்றி தனா. இதைத் தனியாப் பேசிக்கலாம். அடுத்த ஸ்லைடு."

அவ்வளவுதான். தனியாப் பேசிக்கலாமாம். அடுத்த ஸ்லைடு வந்துச்சு. வார விடுமுறை மாற்றம், ஒரு பஸ் கூட தவறல, குழுவின் கூட்டு முயற்சி. ரவின் நடுங்கற குரல்ல படிச்சான்.

"அதுவும் அவருதான்"னேன்.

அதுக்கு அடுத்தது, ராத்திரி ஷிப்டு பொம்பளைங்களை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு போய் விடற புது ஏற்பாடு.

"அதுவும் அவருதான்."

"தனா, ப்ளீஸ்"னு யாரோ சொன்னாங்க. அடுத்த ஸ்லைடு. மழை வெள்ளத்துல ரோடு மூடினா பஸ் வேற வழியில போறது. அதை அவரு நோட்டுல வரைஞ்சிட்டு இருந்ததை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்.

"அதுவும் அவருதான்."

என் மைக்கை அந்தப் பக்கத்துலேருந்து அணைச்சிட்டாங்க. திரையில என் வாய் மட்டும் அசையுது. நான் நிறுத்தல, சத்தமா சொல்லிட்டே இருந்தேன், என் வீட்டுக் கூடத்துல எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு.

அடுத்த ஸ்லைடு வந்துச்சு. ரவின் படிச்சு முடிச்சான். ஒரு மைக் திறக்கற சத்தம் கேட்டுச்சு, பின்னால சாப்பாட்டுக் கடை இரைச்சல்.

"அதுவும் அவருதான்"னா ஃபரீதா.